மறப்பது கையா, மனமா?

ஆகாய விமானத்தின் சத்தம் கேட்டவுடனே வீட்டிலுள்ளோர் எல்லாரும் முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்த காலம் ஒன்று உண்டு. இப்போது சத்தியமங்கலத்திலும் கோபிசெட்டிபாளையத்திலும் அப்படி ஓடி வருகிறவர்கள் குழந்தைகள் மட்டுந்தான். பெரியவர்களோ, பீளமேட்டில் விமானம் ஏறிச் சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த கதையை, பவானி ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டு வந்த கதையைப் போலச் சாவதானமாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துக் கொள்வதை நாம் கவனித்திருக்கிறோம். "இப்போதெல்லாம் விமானிக்கு என்ன வேலை? எல்லாவற்றையும் யந்திரமே பார்த்துக் கொள்கிறது!" என்பதுதான் அந்த வார்த்தை.

இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம். யந்திரம் ஓட்டக்கூடிய விமானத்தை ஒரு விமானி வேண்டுமென்றே அந்த யந்திரத்தை நிறுத்திவிட்டுத் தம் கையால் ஓட்டுவது உண்டு. அது எப்போது? எதற்காக? அதனால் நமக்கு லாபமா, நஷ்டமா? டிக்கெட் வாங்கிக் கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நாமே ஆகையால், இது நம் உயிரைப் பற்றிய கேள்வி என்பதில் சந்தேகமில்லை.

தானே வழி பார்த்து நடக்கும் வாகனம் நம்மவர்களுக்குப் புதியது அன்று. புளியம்பட்டிச் சந்தை கலைந்த பிறகு இராத்திரியில் வீடு திரும்பிய மாட்டு வண்டிகளை நினைத்துப் பாருங்கள். வண்டிக்காரர் கயிற்றைத் தளர விட்டுவிட்டு வைக்கோலின்மேல் சாய்ந்து குறட்டை விடுவார். காளைகள் பழகிய தடத்தில் பிசகாமல் நடந்து வீட்டு வாசலில் கொண்டு வந்து சேர்த்துவிடும். எதிரே லாரி ஒன்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்துடன் வந்து, காளைகள் மிரண்டால்தான் சங்கடம். அரைத் தூக்கத்தில் எழுந்த மனிதர் எந்தக் கயிற்றை எந்தப் பக்கம் இழுப்பார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்! விமானத்தில் 'ஆட்டோபைலட்' என்று சொல்லப்படும் யந்திரத்தின் நன்மை தீமை இரண்டும் இந்த ஒரு வண்டியிலேயே அடங்கியிருக்கின்றன.

அந்த யந்திரம் பிறந்த கதை ருசியானது. 1914-ஆம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி பாரிஸ் நகரத்துக்கு அருகே ஸீன் நதியின்மேல் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர் ஒரு விமானத்தில் பறந்தார். அவருக்கு அப்போது வயது 21. கரையில் கூடியிருந்த ஜனங்களுக்கு முன்னால் தம் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அது போதாதென்று அவருடைய உதவியாளர் விமானத்தின் இறக்கைமேல் நடந்து காட்டினார். விமானம் ஒரு பக்கமாகச் சாயப் பார்த்து, உடனே தானாகவே நிமிர்ந்து கொண்டது. இதன் இரகசியம் நம் குழந்தைகள் விளையாடும் பம்பரத்தில் இருக்கிறது. வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சைச் சாய விடாது அல்லவா? அம்மாதிரிச் சுழலும் சக்கரங்களை விமானத்தில் வைத்தார் ஸ்பெர்ரி. விமானம் சாய்ந்தாலும் சக்கரம் சாயாது. அந்த வித்தியாசத்தைக் கொண்டு யந்திரமே இறக்கையைத் திருத்திவிடும். 1933-ஆம் வருஷம் வைலி போஸ்ட் என்பவர் தன்னந்தனியாக உலகத்தை ஏழு நாட்களும் சுமார் பத்தொன்பது மணி நேரமும் கொண்டு சுற்றி வந்தபோது, அவருக்கு உற்ற துணையாக இருந்தது இந்த ஸ்பெர்ரி யந்திரந்தான்.

அந்தக் காலத்தில் நம் தேசத்தில் நிலைமை எப்படி இருந்தது? 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் பறந்து வந்தார். பம்பாயிலிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு அதே தபாலைக் கொண்டு வந்தவர் நெவில் வின்ஸென்ட். ஒரே எஞ்சின் கொண்ட 'பஸ் மாத்' என்ற சின்னஞ்சிறு விமானம். ரேடியோ கிடையாது, தரையிலிருந்து வழி சொல்வார் கிடையாது. கையும் கண்ணும் திசைகாட்டியுமே துணை. அந்தப் பிரயாணத்தின் ஐம்பதாம் வருஷமாகிய 1982-இல், தமது 78-வது வயதில், டாடா அதே வழியில் ஒரு பழைய சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். கைப்பழக்கம் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இக்காலத்துப் பெரிய விமானங்களில் நடப்பது வேறு. விமானம் தரையை விட்டு எழும்புவது விமானியின் கையால். எழும்பிச் சில நூறு அல்லது சில ஆயிரம் அடி சென்றதும் யந்திரத்திடம் ஒப்படைக்கிறார். அதன் பிறகு உயரம், திசை, வேகம் மூன்றையும் அது பார்த்துக் கொள்கிறது. கடைசியில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததும் விமானி மீண்டும் வாங்கிக் கொண்டு இறக்குகிறார். ஆக, நாலு மணி நேரப் பிரயாணத்தில் கையால் ஓட்டுவது சில நிமிஷந்தான். அந்தச் சில நிமிஷத்திலும் பல விமானங்களில் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கம்ப்யூட்டர் ஒன்று தரகு வேலை செய்து கொண்டிருக்கிறது.

விமானி விரும்பினாலும் யந்திரத்தை விலக்கக்கூடாத சமயங்கள் உண்டு. 29,000 அடிக்கு மேல் 41,000 அடி வரையில் ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மேலும் கீழுமாக 1,000 அடிதான் இடைவெளி. அந்த உயரத்தில் அணுவளவும் பிசகாமல் செல்ல யந்திரத்தைப் போல் மனிதனால் முடியாது. ஆகையால் அங்கே அது கட்டாயம். டெல்லியில் மார்கழி, தை மாதங்களில் மூடுபனி கவிந்து எதிரே நிற்கும் ஆளே தெரியாதபோது, தரையைத் தொடும் வரையில் யந்திரமே இறக்குகிறது. அதற்கு வேண்டிய கருவிகள் ஓடுபாதையிலும் விமானத்திலும் இருக்க வேண்டும். விமானிகளும் அதற்கென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

ஆனால் நேயர்களுக்கு வியப்பூட்டும் மற்றொரு விஷயமும் உண்டு. பனிக்கு யந்திரம் சிறந்தது. காற்றுக்கு மனிதனே சிறந்தவன். பக்கவாட்டில் பலமான காற்று அடிக்கும்போது யந்திரம் தானே இறக்குவதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்கு மேலே போனால் மனிதனின் கைதான் இறக்கியாக வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சீறி வரும் காற்றைக் கொங்கு நாட்டில் அறியாதவர் யார்?

இந்தக் கட்டாயங்களுக்கு நடுவே விமானியின் இஷ்டத்துக்கு விடப்பட்ட இடம் ஒன்று இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கிறது. விமான நிலையம் பழக்கமானது. ஆகாயத்தில் கூட்டமில்லை. இருவருக்கும் களைப்பில்லை. அப்போது ஒரு நல்ல விமானி, "இன்று பத்தாயிரம் அடியிலிருந்து கையால் இறக்குகிறேன், சம்மதமா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். கேட்பது வெறும் மரியாதைக்காக அல்ல. ஒருவர் கையால் ஓட்டினால் மற்றவருக்கு வேலை அதிகமாகிறது. ரேடியோவில் பேசுவது, கருவிகளில் எண்களைத் திருத்துவது, ஓட்டுகிறவரைக் கண்காணிப்பது எல்லாம் அவர் தலையில் விழும். ஆகையினால்தான் பம்பாயைப் போன்ற நெரிசலான இடத்திலும், இரவெல்லாம் கண் விழித்து வந்த விடியற்காலையிலும், இடி மேகங்களுக்கு இடையிலும் புத்திசாலியான விமானி யந்திரத்தைக் கைவிட மாட்டார். கையால் ஓட்டுவது வீரம் அல்ல. சமயம் பார்த்துச் செய்கிற சாதகம். சங்கீத வித்வான் சாதகம் செய்வது விடியற்காலையில், தம் வீட்டில். கச்சேரி மேடையில் அல்ல.

"யந்திரம் ஒழுங்காக வேலை செய்யும்போது எதற்காக இந்தச் சாதகம்?" என்று கேட்கலாம். இரண்டு விபத்துக்கள் இதற்குப் பதில் சொல்கின்றன.

2009-ஆம் வருஷம் ஜூன் 1-ந் தேதி பிரேஸில் தேசத்து ரியோ நகரத்திலிருந்து பாரிஸுக்குச் சென்று கொண்டிருந்த ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்து 228 பேர் மாண்டார்கள். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்துக் கொண்டது. வேகம் தெரியாமற் போனதும் யந்திரம், 'இனி என்னால் ஆகாது' என்று விலகிக் கொண்டது. அந்தக் கோளாறு ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. விமானத்தை அப்படியே நேராக வைத்திருந்தால் போதும். ஆனால் நடு இரவில் திடீரென்று கையில் வந்து விழுந்த விமானத்தின் மூக்கை, ஓட்டியவர் மேலே மேலே தூக்கினார். இறக்கைகள் காற்றைப் பிடிக்கும் சக்தியை இழந்தன. என்ன நடக்கிறது என்பதைக் கடைசி வரையில் அவர்களால் நிச்சயிக்க முடியவில்லை. சுமார் நாலரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

2013-ஆம் வருஷம் ஜூலை 6-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் நடந்தது இன்னும் விசித்திரம். நல்ல பகல், தெளிவான வானம். 307 பேருடன் வந்த ஏஷியானா விமானம் ஓடுபாதைக்கு முன்னால் உள்ள கடற்சுவரில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். ஓடுபாதைக்கு இறங்கும் சரிவைக் காட்டும் கருவி அன்று கட்டுமான வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. விமானிகள் கண்ணால் பார்த்து இறக்க வேண்டியிருந்தது. எஞ்சினின் வேகத்தை யந்திரம் பார்த்துக் கொள்ளும் என்று அவர்கள் நம்பினார்கள். யந்திரமோ அப்போது அந்த வேலையில் இல்லை. வேகம் குறைந்து கொண்டே போனதைக் கவனித்துத் திருத்துவதற்குள் காலம் கடந்து விட்டது. எப்போதும் யந்திரத்தையே உபயோகிக்கும்படி அந்தக் கம்பெனி வற்புறுத்தி வந்ததையும், கையால் ஓட்டுவதை ஊக்கப்படுத்தாததையும் விசாரணை செய்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அதே வருஷம் ஜனவரி மாதத்திலேயே அமெரிக்க விமான இலாகா, சமயம் வாய்க்கும்போதெல்லாம் விமானிகளைக் கையால் ஓட்ட விடுங்கள் என்று கம்பெனிகளுக்கு யோசனை சொல்லியிருந்தது.

இவற்றைப் படிக்கும் எவரும், "கைப்பழக்கம் விட்டுப் போயிற்று, அதுதான் காரணம்" என்று சொல்லிவிடுவார்கள். இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். நாஸா ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸ்டீபன் காஸ்னர் என்பவரும் அவருடைய சகாக்களும் 2014-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பதினாறு விமானிகளை போயிங் 747-400 விமானத்தின் மாதிரி அறையில் உட்கார வைத்து, உதவி யந்திரங்களைக் கூட்டியும் குறைத்தும் பரீட்சை செய்தார்கள். முடிவு என்ன? கருவிகளைப் பார்த்து விமானத்தைக் கையால் ஓட்டும் திறமை பெரும்பாலும் கெடாமல் இருந்தது. கொஞ்சம் துருப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். சைக்கிள் விடக் கற்றவனுக்கு அது மறக்குமா? தேய்ந்து போயிருந்தது வேறொன்று. இப்போது எங்கே இருக்கிறோம், அடுத்தபடி என்ன செய்ய வேண்டும், எந்தக் கருவி பொய் சொல்கிறது என்று யந்திரத்தின் துணையில்லாமல் மனத்தில் கணக்கிட்டுக் கொண்டே வரும் சக்தி குறைந்திருந்தது. அதாவது, மறந்தது கை அல்ல, மனம்.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு இது தினந்தோறும் காணும் காட்சி. 48-ஐ 25-ஆல் பெருக்கச் சொன்னால், பையன் கணக்கிடும் யந்திரத்தைத் தட்டுகிறான். ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்து 12,000 என்று வருகிறது. அதை அப்படியே எழுதி வைக்கிறான். விரல் தவறுவது யாருக்கும் சகஜம். ஆனால் ஐம்பதை இருபத்தைந்தால் பெருக்கினால்கூட ஆயிரத்து இருநூற்றைம்பதுதானே, பன்னீராயிரம் எப்படி வரும் என்று அவன் மனம் திடுக்கிட வேண்டாமா? திடுக்கிடாததுதான் விபத்து. வாய்ப்பாடு கற்பிப்பது யந்திரத்தோடு போட்டி போடுவதற்காக அன்று. யந்திரம் தவறினால் திடுக்கிடுவதற்காக.

வேடிக்கை என்னவென்றால், விமானிக்கும் வாய்ப்பாடு வேண்டியிருக்கிறது. அதுவும் மூன்றாம் வாய்ப்பாடுதான்! ஓடுபாதைக்கு இறங்கும் சரிவு சாதாரணமாக மூன்று பாகை. அந்தச் சரிவில் ஒவ்வொரு கடல் மைலுக்கும் சுமார் 300 அடி இறங்க வேண்டும். பத்து மைல் தூரத்தில் 3,000 அடி. ஐந்து மைலில் 1,500 அடி. இரண்டு மைலில் 600 அடி. யந்திரம் என்ன காட்டினாலும் இந்தக் கணக்கு மனத்தில் ஓடிக் கொண்டிருந்தால், பிசகு நேர்ந்த அந்தக் கணமே விமானி திடுக்கிடுவார். அடிக்கடி கையால் இறக்குகிறவருக்கு இந்தக் கணக்கு தானே ஓடும். பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருப்பவருக்கு மெல்ல மெல்ல நின்று விடும்.

அந்தக் கணக்கு நிற்காமல் ஓடினால் என்ன பயன் என்பதற்கு நம் தேசத்து விமானிகளே சாட்சி. 2018-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி டெல்லியிலிருந்து சுமார் 370 பேருடன் பதினைந்து மணி நேரம் பறந்து நியூயார்க்கை அடைந்தது ஏர் இந்தியா விமானம். காப்டன் ருஸ்தம் பாலியாவும் அவருடைய சகாக்களும் இறக்கத் தொடங்கியபோது கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. தரைக்கும் விமானத்துக்கும் உள்ள உயரத்தைக் காட்டும் இரு கருவிகளில் ஒன்று போயிற்று. ஓடுபாதையின் வழிகாட்டிச் சமிக்ஞையை வாங்கும் கருவிகள் பேசவில்லை. பக்கத்து விமானங்களைப் பற்றி எச்சரிக்கும் கருவியும் போயிற்று. தானே இறங்கும் வசதிக்கு இடமே இல்லை. கீழே மேகம் தாழ்ந்து கவிந்திருந்தது. எரிபொருளோ குறைந்து கொண்டே வந்தது. இந்த நிலையில் அவர்கள் செய்த முதல் காரியம், எது போயிற்று, எது மிச்சம் என்று தெளிவாகக் கணக்கெடுத்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னதுதான். பிறகு பக்கத்து ஊர்களின் வானிலையை விசாரித்து, நியூவார்க்குக்குத் திரும்பி, மிச்சமிருந்த கருவிகளைக் கொண்டு தாங்களே சரிவை வகுத்துக் கொண்டு, மேகத்தைக் கிழித்து வெளியே வந்து பத்திரமாக இறக்கினார்கள். கை ஆடவில்லை என்று புகழலாம். அதைவிட, மனம் இருட்டவில்லை என்று புகழ்வதே பொருத்தம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறு பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி கோழிக்கோட்டில், மலைமேல் மேடை போல அமைந்த ஓடுபாதையில், கொட்டும் மழையில் ஒரு விமானம் பாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். விமானம் ஓடுபாதையில் ஏறக்குறையப் பாதி தூரம் கடந்த பிறகே தரையைத் தொட்டது. 'மறுபடியும் மேலே எழும்புவோம்' என்று துணை விமானி சொல்லியும் இறக்குவது நிறுத்தப்படவில்லை என்று விசாரணை அறிக்கை கூறுகிறது. அங்கே பிரச்னை, யந்திரமா கையா என்பதே அல்ல. இன்று இறங்க வேண்டாம் என்று முடிவு செய்யும் மனத்தெளிவுதான் பிரச்னை. கையால் ஓட்டும் பெருமையில் இந்தத் தெளிவை இழந்தால், யந்திரத்தை நம்பித் தூங்குவதைவிட அதுவே அதிக அபாயம்.

ஆகையால் நம்முடைய அபிப்பிராயம் இதுதான். விமானக் கம்பெனிகள், 'எப்போதும் யந்திரமே' என்ற சுலபமான சட்டத்தை வைத்துக் கொண்டு திருப்தி அடையலாகாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாதிரி அறையில் நடக்கும் பரீட்சை மட்டும் போதாது. பரீட்சைக்கு முதல் நாள் படிக்கும் பாடம் எத்தனை நாள் நிற்கும் என்பதை நாம் அறிவோம். தெளிந்த வானமும் ஓய்ந்த ஆகாயமும் கிடைக்கும் நாட்களில் விமானிகள் கையால் ஓட்டுவதற்கு அநுமதி மட்டுமல்ல, ஊக்கமும் வேண்டும். அதற்கு வேண்டிய ஓய்வையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். களைத்த மனிதனிடம் சாதகம் செய்யச் சொல்வது பரிகாசமாகும்.

பிரயாணிகளாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. சக்கரம் தரையில் சற்று அழுத்தமாகப் பட்டுவிட்டால், "புதுப் பையன் போலிருக்கிறது, குலுக்கிவிட்டானே!" என்று முணுமுணுக்கிறோம். மழையில் நனைந்த ஓடுபாதையில் சக்கரம் வழுக்காமல் பிடிப்பதற்காக விமானிகள் வேண்டுமென்றே அழுத்தமாக இறக்குவது உண்டு என்பதை அறிந்தால் அப்படிப் பேச மாட்டோம். பூப்போல இறக்கினாரா என்பது பெரிதல்ல. எங்கே தொட வேண்டுமோ அங்கே, எந்த வேகத்தில் தொட வேண்டுமோ அந்த வேகத்தில் தொட்டாரா என்பதே பெரிது. முதுகில் விழுந்த அந்தச் சிறு குலுக்கலுக்காகக் கோபித்துக் கொள்ளாமல், வாசற்படியில் நிற்கும் விமானிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குவோம்.